மீதிப் படங்கள்

பிப்ரவரி 9

அண்ணா,

நீ என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்து ஆறு மாதமும் நான்கு நாளும் ஆகிறது. அண்ணியிடம் கேட்டால், "அவர் கோபம் கொஞ்சம் ஆறட்டும்மா" என்கிறார். ஆறுகிற கோபமாக இருந்தால் இதற்குள் ஆறியிருக்கும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதை நீ கிழித்துப் போடலாம். ஆனால் படிக்காமல் கிழிக்க உனக்கு மனசு வராது என்று எனக்குத் தெரியும்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஜூலையில் விடுமுறைக்கு வந்திருந்தபோது உன் மகள் கேட்டாள்: "அத்தை, அப்பா யாருக்காவது கை குடுத்தா உடனே விட மாட்டேங்கிறாரே, ஏன்? வேணும்னே பண்றாரா?" நான் சிரித்து மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. அது பரம்பரையாக வருகிற நோய், அவள் தாத்தாவுக்கு இருந்தது, அவள் அப்பாவுக்கு இருக்கிறது, அவளுக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. அதற்கு மன்னித்துக்கொள். சொன்னதே தப்பு என்று மட்டும் என்னால் எழுத முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மருந்துச் சோதனைப் பட்டியலில் உனக்கு ஏழாவது இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் தொடையிலிருந்து ஒரு சிறு தசைத் துண்டு கொடுக்க நீ மறுத்துவிட்டாய் என்று டாக்டர் சொல்கிறார். அந்தத் துண்டு இல்லாமல் யாரையும் சேர்க்க மாட்டார்கள்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். உடம்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு எழுதப்படுகிறது. அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. நம் வீட்டு ஆட்களுக்கு ஒரு சீட்டில் மட்டும், ஐந்தோ பத்தோ தடவை வரவேண்டிய மூன்றே எழுத்துகள் நூற்றுக்கணக்கான தடவை வருகின்றன. அந்த நீளமான சீட்டு தன்மேலேயே மடிந்துகொள்கிறது. மடிப்பில் ஒரு புரதம் போய் ஒட்டிக்கொள்கிறது. வேறு வேலை பார்க்க வேண்டிய புரதம் அங்கே மாட்டிக்கொள்வதால், "போதும், தளர்ந்துகொள்" என்கிற உத்தரவு தசைக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. அதனால்தான் உன் விரல் பிடித்ததை விட மாட்டேன் என்கிறது.

மருந்து என்பது அந்த மடிப்பின்மேல் உட்கார்ந்து புரதத்தை விலக்கிவிடுகிற ஒரு சின்ன இழை. தனியாக அனுப்பினால் தசைக்குள் நுழையத் தெரியாது. அதனால் ஒரு ஆன்டிபாடியில் கட்டி அனுப்புகிறோம். எந்தத் தளத்தில் இறங்க வேண்டும், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அதற்குத் தெரியும். நீ பழுது பார்க்கிற லிஃப்ட் மாதிரி என்று வைத்துக்கொள். சீட்டும் புரதமும் எப்படி ஒட்டியிருக்கின்றன, மருந்து அங்கே எப்படி உட்காருகிறது என்று படம் பிடித்துப் பார்ப்பதுதான் பதினோரு வருஷமாக என் வேலை.

இந்த நோய் கையோடு நிற்காது, அண்ணா. அப்பாவுக்கு ஐம்பத்து நான்கில் இதயத்துக்குப் போனது. உனக்கு இப்போது நாற்பத்தெட்டு. மாட்டேன் என்பதானாலும் எழுத்தில் எழுது.

உன் தங்கை


பிப்ரவரி 27

பட்டாணி,

கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன். கிழிக்க நினைத்தபோது கை ஒத்துழைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

இனிமேல் காகிதத்திலேயே எழுது. போனில் உன்னோடு பேசி யாரும் ஜெயித்ததில்லை. நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று சொல்லிவிடுவாய். காகிதத்தில் நீ என் பேச்சை வெட்ட முடியாது, எனக்கு அது வசதி.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய், சரி. நீ சொன்ன பிறகு என் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியுமா? உன் மருமகள் தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று கையை இறுக்கி மூடித் திறந்து பார்க்கிறாள். வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறாள். நான் பார்ப்பது தெரிந்தால் தலை சீவுகிற மாதிரி நடிக்கிறாள். இருபது வயசுப் பெண். சிரிக்கச் சொல்ல வேண்டிய கண்ணாடி அது. நீ சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். உண்மையைச் சொல்லிவிட்டு நீ ரயில் ஏற்றி அனுப்பிவிட்டாய். ஸ்டேஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவன் நான்.

கேட்டால் அவளிடம் நீ என்ன சொன்னாயாம்? "தெரிஞ்சுக்கறது எப்பவும் நல்லதுடா, பயப்படாம டெஸ்ட் பண்ணிக்கோ." அப்படியா? சரி, நான் ஒன்று கேட்கிறேன். என் அப்பாதான் உனக்கும் அப்பா. அவள் கணக்குதான் உன் கணக்கும், பாதிக்குப் பாதி. பதினோரு வருஷமாக இந்தச் சீட்டையே படம் பிடிக்கிறாயே, உன் ரத்தத்தில் அது இருக்கிறதா என்று ஒரு நாளாவது பார்த்தாயா?

பார்க்கவில்லை. உன் அண்ணியும் நானும் பந்தயம் கட்டாத குறை. பார்த்திருந்தால் அடுத்த நிமிஷமே ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பாய்.

நீ முதலில் உன் ரத்தத்தைக் கொடு. கொடுத்ததற்கு ஆஸ்பத்திரி தருகிற சீட்டை அனுப்பு. அன்றைக்கே நான் போய்ப் படுத்துக்கொள்கிறேன், எந்தத் தொடை வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். ஊருக்கு மட்டும் உபதேசம் பண்ணாதே.

வேலையில் என்னை லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்டுக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜருக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. "பிடிச்சா விடாத கை, லிஃப்ட் வேலைக்கு நல்லதுதானே சார்" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அண்ணன்


மார்ச் 16

அண்ணா,

உன் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதினேன். முதலாவதில், ஆராய்ச்சி செய்கிறவர் தன்னுடைய ரத்தத்தைத் தன் ஆய்வுக்கூடத்திலேயே சோதிக்கக் கூடாது என்ற விதியை விளக்கியிருந்தேன். விதி உண்மைதான். ஆனால் தெருவுக்குத் தெரு ரத்தம் எடுக்கிற இடம் இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டாவதில், எனக்குக் குழந்தை இல்லை, என் முடிவு என்னோடு போகும், உன் மகளின் கதை வேறு என்று வாதாடியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

மூன்றாவது இது. பயம், அண்ணா. வேறொன்றும் இல்லை.

கூடத்தில் நான் கையுறை இல்லாமல் ஒரு சோதனைக் குழாயைத் தொட மாட்டேன். நம் விரலில் இருக்கிற வியர்வை பட்டாலே ஆர்.என்.ஏ அழிந்துவிடும். அதனால் இரட்டைக் கையுறை, ஐஸ், தனி மேஜை எல்லாம் உண்டு. எல்லோரும் என்னை ரொம்பக் கவனமான ஆள் என்பார்கள். சில நாள் கையுறையைக் கழற்றும்போது, விரல் லேசாக இழுக்கிற மாதிரி இருக்கும். ரப்பர் ஒட்டுகிறது என்று சொல்லிக்கொண்டு கை கழுவப் போய்விடுவேன். நான்கு வருஷமாக ரப்பர்மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்னது சரி. நான் பார்க்கத் துணியாததை அந்தப் பெண்ணைப் பார்க்கச் சொன்னேன். அவளிடம் இதை நானே சொல்கிறேன். எப்போது, எப்படி என்பதை இந்த முறை உன்னைக் கேட்டுவிட்டுச் செய்கிறேன்.

இன்று காலை பத்தேகாலுக்கு, எங்கள் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தேன். சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். டோக்கன் 43. முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். ஊசி குத்திய பெண், "பயப்படாதீங்க மேடம், எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றாள். நானும் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் முறை.

தங்கை


ஏப்ரல் 21

பட்டாணி,

சீட்டு வந்தது. சொன்னபடி போய்ப் படுத்துக்கொண்டேன். இடது தொடை.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். எவ்வளவு எடுப்பீர்கள் என்று கேட்டேன். "ஒரு பட்டாணி அளவுதான் சார்" என்றார். எனக்கு வந்த சிரிப்பில் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "சிரிச்சு முடிங்க, அப்புறம் பண்ணலாம்" என்று காத்திருந்தார். உன் அண்ணி வெளியே உட்கார்ந்து சிரிப்புச் சத்தம் கேட்டுப் பயந்துபோனாளாம். அழுதிருந்தால் பயந்திருக்க மாட்டாள்.

வலிக்காது என்று சொன்னது பச்சைப் பொய். மரத்துப்போகிற ஊசியின் வேகம் இறங்கின பிறகு இரண்டு நாள் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தேன். துண்டை ஐஸ் பெட்டியில் வைத்து உங்களுக்கு அனுப்பியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். பெட்டியின்மேல் என் பெயர் இல்லை, ஒரு நம்பர்தான். நல்லது. நீ பெயரைப் பார்த்துப் பார்த்து வேலை செய்ய வேண்டாம்.

இப்போது எனக்கு மேஜை வேலை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கிற பொத்தானை அழுத்தினால் எனக்கு மணி அடிக்கும். ஆள் போய்ச் சேருகிற வரைக்கும் அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். முதல் வாரம் அவமானமாக இருந்தது. இருபத்தாறு வருஷம் கயிற்றையும் மோட்டாரையும் பார்த்தவனுக்குப் பேசுகிற வேலை. போன வாரம் ஒரு அம்மா பன்னிரண்டு நிமிஷம் மாட்டிக்கொண்டார். மூச்சு வாங்க அழுதார். காற்று உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும், லிஃப்ட் விழாது, எப்படி விழாது என்று ஒவ்வொரு பிரேக்காக விளக்கினேன். கதவு திறந்ததும், "பேசினவர் யாரோ, அவரை நேர்ல பாக்கணும்" என்றாராம். அதற்குப் பிறகு அவமானம் கொஞ்சம் குறைந்தது.

உன் மூன்று வாரம் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. முடிவு என்ன?

அண்ணன்


ஜூன் 12

அண்ணா,

முதலில் நல்ல செய்தி, உட்கார்ந்துகொண்டு படி.

உன் தசையிலிருந்து எடுத்த சீட்டைத் துண்டு துண்டாக்கி, புரதத்தோடும் மருந்தோடும் சேர்த்து, ஒரு மெல்லிய ஐஸ் தகட்டில் உறையவைத்துப் படம் எடுத்தோம். ஒன்பது லட்சம் படங்கள். ஒவ்வொன்றும் கலங்கலான புள்ளிதான். அவற்றைக் கணினி சாயல் பார்த்துக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும். ஒரே சாயலில் இருப்பவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால் வடிவம் தெளியும். இந்த முறை தெளிந்ததைப் போல் இதுவரை நான் பார்த்ததில்லை. மடிப்பின் ஒவ்வொரு வளைவும் எண்ணிவிடலாம். மருந்து, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. புரதம் விலகி நிற்கிறது.

திரையைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் படத்தின் அழகுக்காக என்று நினைத்துக்கொண்டார்கள். உன் ஊரிலிருந்து வந்த ஒரே பெட்டி அது; அது உன் தொடை என்று எனக்கும் எங்கள் இயக்குநருக்கும் மட்டும்தான் தெரியும்.

செப்டம்பர் 15 உனக்கு முதல் ஊசி. அண்ணியிடம் சொல். உன் மகளிடமும் சொல்லலாம் என்று நீ நினைத்தால் சொல்.

தங்கை


ஜூன் 30

பட்டாணி,

உட்கார்ந்துகொண்டுதான் படித்தேன். பிறகு எழுந்து நின்று ஒரு தடவை படித்தேன். உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டும்போது "அளவெடுத்துத் தைத்த சட்டை" வந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். உன் மருமகளிடம் நானே சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டு, சாப்பிட உட்காரும்போது, "அப்ப உங்க தொடை உலகப் புகழ்பெறப் போகுதாப்பா?" என்றாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு அவள் அடித்த முதல் ஜோக். சுமாரான ஜோக்தான். ஆனாலும் நான் ரொம்ப நேரம் சிரித்தேன்.

ஒரே ஒரு சந்தேகம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் கடிதத்தைக் காட்டினேன் அல்லவா, அவள்தான் கேட்டாள், ஒன்பது லட்சத்தில் எத்தனை படம் சேர்ந்து அந்த வடிவம் வந்தது என்று. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் ஒரே சாயலாகவா இருந்திருக்கும்? சேராதவற்றை என்ன செய்வீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், எங்களிடம் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் இருக்கிறது. எப்போதாவது ஒரு தடவை நாலாவது மாடியில் நின்றுவிடும். மூன்று மெக்கானிக் போய், ஆளுக்கு ஐம்பது தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, "கோளாறு எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டு வந்தார்கள். ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் நன்றாகத்தான் ஓடியது. நான் மேஜையில் உட்கார்ந்து, மாட்டிக்கொண்டவர்கள் பேசியதை மட்டும் தனியாக எழுதிக்கொண்டே வந்தேன். ஆறு பேரில் ஐந்து பேர் ஸ்ட்ரெச்சரோடு ஏறியவர்கள். சக்கரம் ஒரு மூலையில் அழுத்தினால் தளம் சாய்ந்து கதவுப் பூட்டு உரசுகிறது. நன்றாக ஓடிய தடவையையே எண்ணிக்கொண்டிருந்தால் அது கடைசி வரை தெரிந்திருக்காது.

என் வேலைக் கதை வேறு, உன் வேலை வேறு. இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

உன் ரத்த முடிவைப் பற்றி மறுபடியும் ஒரு வார்த்தையும் காணோம். மறந்துபோகிற ஆள் நீ இல்லை.

அண்ணன்


ஜூலை 11

அண்ணா,

அவசரமாக எழுதுகிறேன். ஆறு லட்சத்துச் சொச்சம் சேர்ந்தது. மீதி குப்பை. உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். உடைந்தது, ஐஸ் தடித்துப்போனது, அழுக்கு எல்லாம் அதில் போகும். அதை நாங்கள் குப்பை என்றுதான் சொல்வோம், கோப்பின் பெயரே அதுதான். லிஃப்ட் கதை சுவாரசியமாக இருந்தது. ஆனால் என் வேலையை எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

தங்கை


ஆகஸ்ட் 19

அண்ணா,

இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கி ஒன்பது நாளாகிறது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்த மருந்து உனக்கு வேலை செய்யாது. பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிடச் சொல்லி நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் வரும். அதற்கு முன்னால் இது வந்து சேர வேண்டும் என்றுதான் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

போன கடிதத்தில் உன்மேல் எரிந்து விழுந்தேன். நீ கேட்டது நியாயமான கேள்வி என்பதால்தான் கோபம் வந்தது. அதை அனுப்பிய மறுநாள் குப்பைக் கோப்பைத் திறந்தேன். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் படங்கள். மற்றவர்களின் மாதிரியில் குப்பை பத்தில் ஒரு பங்கு இருக்கும். உன்னுடையதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அந்த எண்ணிக்கையை ஜூனிலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு, தசைத் துண்டு வழியில் கொஞ்சம் கெட்டுப்போயிருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். தெளிந்த படம் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

குப்பையை மட்டும் தனியாகப் பிரித்து, முதலிலிருந்து சேர்த்துப் பார்த்தேன். மூன்று வாரம். அது குப்பை இல்லை, அண்ணா. இன்னொரு வடிவம். நம் வீட்டுச் சீட்டில் முன்பாதி எல்லோருடையது மாதிரிதான். பின்பாதியில், அந்த மூன்று எழுத்துக்கு நடுவே அங்கங்கே ஒரு வேற்று எழுத்து வருகிறது. அது வருகிற இடத்தில் மடிப்பு கோணிக்கொள்கிறது. மருந்து அங்கே உட்கார முடியவில்லை.

நீ உடனே கேட்பாய், பாதியாவது வேலை செய்யுமே என்று. நானும் கேட்டேன், தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். உன் தசையில் வளர்த்த செல்களில் மருந்தைப் போட்டோம், நான்கு தடவை. முன்பாதியில் விலகுகிற புரதம் வெளியே போகவில்லை, பின்பாதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் ஒன்றும் விடுபடவில்லை. சிறுநீரகத்துக்கு அந்த மருந்து இலேசானது இல்லை. பலன் இல்லாமல் அந்தப் பாரத்தை மட்டும் உன்மேல் ஏற்ற என்னால் முடியாது.

இயக்குநரிடம் போனேன். "பட்டியல் மூடியாச்சு. ஒரே ஒரு ஆளோட சாம்பிள். ஊசி போட்டுக்கட்டுமே, பலன் இல்லன்னா இல்ல. உங்க அண்ணன்னு தெரிஞ்சும் நீங்களே எடுக்கச் சொல்றீங்களா?" என்றார். "நான் முன்னாடி குடுத்த படம் தப்பு மேடம். தப்புன்னு தெரிஞ்ச பிறகு யாரா இருந்தாலும் எடுக்கத்தான் சொல்லணும்" என்றேன். ஜூன் மாத அறிக்கையில் நான் போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு ஆள் என்றாரே, அதற்கும் பதில் இருந்தது. ஏப்ரல் எட்டாம் தேதி என் ரத்த முடிவு வந்தது. எனக்கும் இருக்கிறது. உன்னுடையதைவிட நீளம் குறைவு, அவ்வளவுதான். நான்கு மாதம் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தேன். இந்த வாரம் அந்த ரத்தத்தை வேறு கூடத்தில் எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். அதே வேற்று எழுத்து, அதே இடங்களில். ஆகவே இது வழியில் கெட்டுப்போன துண்டின் கதை இல்லை. நம் குடும்பத்தின் எழுத்து இது.

நான் அந்தப் படத்தைக் காட்டி உன்னைச் சிரிக்க வைத்தேன். உன் மகளையும்.

தங்கை


செப்டம்பர் 3

உன் கடிதம் வந்த அன்றைக்கே ஆஸ்பத்திரியிலிருந்தும் போன் வந்தது. இப்போது என்ன எழுதினாலும் பிறகு வருத்தப்படுவேன். அதனால் எழுதவில்லை. நீயும் கொஞ்ச நாள் எழுதாதே.


செப்டம்பர் 25

அண்ணா,

எழுதாதே என்றாய். இருபத்திரண்டு நாள் எழுதவில்லை. இது ஆறுதல் கடிதம் இல்லை, வேலைக் கடிதம்.

மற்றவர்களுக்கான மருந்து நிற்கவில்லை. ஏழாவது இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அவருக்கு 15-ம் தேதி ஊசி போட்டார்கள். நம்மைப் போல் கோணிய மடிப்புள்ளவர்களுக்கு இரண்டாவது இழை செய்ய ஒரு வருஷம் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு வருஷம், ஒரு மேஜை, என்னோடு ஒரே ஒரு ஆள். மைக்ராஸ்கோப்பில் வாரத்துக்கு ஒரு நாள்தான். முடியுமா என்று இயக்குநர் கேட்டார். முடிக்கிறேன் என்றேன். இனி என் கோப்புகளில் குப்பை என்று ஒரு பெயர் கிடையாது. "மீதி" என்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைத்தான் முதலில் திறக்கிறோம்.

நவம்பர் 12-ல் என் தொடையிலிருந்து தசை எடுக்கிறார்கள். இந்த இரண்டாவது ஆய்வுக்கு நான்தான் முதல் மாதிரி. அதனால் என் துண்டை நான் தொட மாட்டேன், இன்னொருவர் கையாளுவார். அந்த மாதிரி என்னுடையதுதான் என்பதை முதல் வாரமே எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

இன்னும் ஆட்கள் வேண்டும். உன்னையும் சேர்த்துக் கேட்கிறேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. படிவத்தை வைத்திருக்கிறேன். எந்த வாக்கும் தர மாட்டேன். வேலை செய்யும் என்று சொல்ல மாட்டேன். வேலை செய்கிறதா இல்லையா என்பதை மட்டும் மறைக்காமல் சொல்வேன்.

தங்கை


நவம்பர் 2

பட்டாணி,

செப்டம்பர் முழுக்க உன்மேல் கொலைவெறியில் இருந்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன். போன் பண்ணின பெண், "மன்னிச்சுக்கோங்க சார், உங்க இடம் ரத்தாயிடுச்சு" என்றாள். நான், "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீ படம் பிடித்து விளையாட என் உடம்புதான் கிடைத்ததா என்று தொடங்கும். ஆறு பக்கம். அதைத்தான் கிழித்தேன்.

உன் அண்ணிதான் ஆகஸ்ட் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அவ வாயை மூடிட்டு இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? நீங்க பாட்டுக்கு ஊசி போட்டுட்டு, பலன் இல்லன்னா நம்ம தலையெழுத்துன்னு சொல்லியிருப்பீங்க. அவமேல ஒரு சந்தேகம் வந்திருக்குமா உங்களுக்கு?" வந்திருக்காது. அதுதான் என்னை உறுத்தியது. நீ சொல்லாமல் இருந்திருந்தால் கடைசி வரைக்கும் எனக்கு நீ நல்ல தங்கை. வேலையிலும் பேர் கெட்டிருக்காது. ஊசி போட்ட தெம்பில் நான் இரண்டு வருஷம் சந்தோஷமாகக்கூட இருந்திருப்பேன்.

உனக்கும் இருக்கிறது என்று எழுதியிருந்த வரியை நான் பல நாள் தாண்டித் தாண்டிப் படித்தேன். என் கோபத்துக்கு அந்த வரி இடைஞ்சலாக இருந்தது. இப்போது நேராகப் படித்துவிட்டேன். நாலு மாதம் அதைத் தனியாகப் பூட்டி வைத்துக்கொண்டு என் தொடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய். நான் உன்னைக் கேலி பண்ணிக் கேட்ட கேள்வி அது. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டது நல்லது, கேட்ட விதம் சரியில்லை. நீ என் மகளிடம் சொன்னதைப் பற்றி என்ன எழுதினாயோ, அதையே நானும் எழுத வேண்டியிருக்கிறது.

அவளைப் பற்றி. படிவத்தை அவளும் படித்தாள். கையெழுத்துப் போடவில்லை. "யோசிக்கிறேம்பா, பரீட்சை முடியட்டும்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. ஆனால் உன் ஆகஸ்ட் கடிதத்தைத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள், திருப்பித் தரமாட்டேன் என்கிறாள். ஒன்பது லட்சத்தில் எத்தனை என்று கேட்டவள் அவள்தான் என்பதை மறந்துவிடாதே. அறிக்கையில் அவளுக்கு ஒரு நன்றி போடு.

12-ம் தேதி உன்னை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்? தெரியும், ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய், தனியாகத் திரும்பி, மறுநாளே வேலைக்குப் போவாய். அதெல்லாம் நடக்காது. இரண்டு நாள் சரியாக நடக்க முடியாது, அனுபவித்தவன் சொல்கிறேன். 11-ம் தேதி மத்தியான ரயிலில் உன் அண்ணியும் நானும் வருகிறோம். உன் முறை முடிந்த மறுநாள் உன் டாக்டரிடமே நானும் படுத்துக்கொள்கிறேன், இந்த முறை ஐஸ் பெட்டியை ஊர்விட்டு ஊர் அனுப்ப வேண்டாம். துண்டு வழியில் கெட்டுப்போயிற்று என்று யாரும் சொல்லக் கூடாது.

படிவத்தை நிரப்பி இத்துடன் அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தில், "இந்த ஆய்வில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்று கேட்டு இரண்டே கோடு விட்டிருக்கிறார்கள். குணமாக வேண்டும் என்று எழுதலாமா என்று பார்த்தேன். அதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. என் மகளுக்காக என்று எழுதலாமா என்று பார்த்தேன். அவள் படித்தால் அவள்மேல் பாரம் ஏற்றியது மாதிரி இருக்கும். கடைசியில் உண்மையான காரணத்தையே எழுதிவிட்டேன். உங்கள் இயக்குநர் படித்தாலும் பரவாயில்லை.

"இந்த ஆய்வைச் செய்பவர் போன தடவை தப்புச் செய்தார். நான் கண்டுபிடித்திருக்க முடியாது. அவரே சொன்னார்."

அண்ணன்